பனியனில் வந்த வார்த்தைகள்

தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்றுதான் வரும். குழாய்க்கு அடியில் எங்கேயோ கடமுடவென்று ஓர் உருட்டல், அப்புறம் ஓர் ஏப்பம், அப்புறம் ஒன்றுமே இல்லை, நான் குத்தவைத்து உட்கார்ந்து காதைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்கிறேன், மறுபடியும் உருட்டல், போர்போரிக்மஸ், ஆமாம் அதேதான், வயிறு இரைகிற சத்தத்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேர். ஒரு நீர்யானை தொப்பையைப் பிடித்துக்கொண்டு முழிக்கும், அதற்குக் கீழே எழுத்தை வளைத்து வளைத்து அச்சடித்திருந்தது, ஆறு வயசுப் பிள்ளைக்கான சைஸ், பச்சைப் பனியன். இதற்கெல்லாம்கூடவா ஒரு பேர் வைப்பான் என்று அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பிசிறு வெட்டுகிற கத்தரி கையிலிருந்து நழுவிக் கால்மேல் விழப் பார்த்தது. அந்தப் பனியன் இப்போது எந்த ஊரில் எந்தப் பிள்ளையின் வயிற்றின்மேல் இருக்கிறதோ, பிள்ளைக்குப் பசித்தால் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வயிறும் சேர்ந்து இரையுமோ. ஒரு துளி விழுகிறது. செம்மண் நிறம். அடுத்து ஒரு கரண்டியளவு. கலங்கலைப் பிடிக்கக் கூடாது, அதை வாளியில் விட்டு வாசலுக்கு ஊற்ற வேண்டும், அப்புறம் வெளுத்துக்கொண்டே வரும், வெயில் ஏறுவது மாதிரி, எந்த நொடியில் வெளுத்தது என்று சொல்லவே முடியாது, பார்த்துக்கொண்டேயிருந்தும் பார்க்காமல் போய்விடும். பின்னால் பேபியக்கா தன் குடங்களை வரிசையாக நகர்த்திவைக்கிற சத்தம் கேட்கிறது. இந்த லைன் வீட்டில் அஞ்சு குடித்தனத்துக்கும் ஒரே குழாய். ஆற்றுத் தண்ணீர் என்றைக்கு விடுவார்கள் என்று விடுகிறவனுக்கே தெரியாது. இந்தத் தடவை முதல் முறை எங்கள் வீட்டுக்கு. முறைக்காரி எழுந்து போனால் முறை போச்சு, அடுத்தவள் குழாயைப் பிடித்துக்கொள்வாள், அதுதான் இங்கே சட்டம். ஆம்பளைகள் குழாயடிக்கு வருவதில்லை, அது யாரும் போடாத சட்டம். அதனால் நான் இங்கேயேதான் இருந்தாக வேண்டும். எழுந்திருக்க முடியாது. காலையில் குழாய் உருட்டின சத்தம் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "தண்ணி வந்துருச்சுங்க மாமா, ஸ்கூல் மீட்டிங்குக்கு நீங்களே போயிட்டு வந்துருங்க" என்று உள்ளே இருந்த வீட்டுக்காரருக்குக் கேட்கக் கத்தினேன். என்ன ஒரு குரல் அது, வெல்லத்தில் முக்கி எடுத்தது மாதிரி.

வாளி நிறைகிறது. முதல் குடத்தை வைக்கிறேன், பித்தளைக் குடம், இதன் பேர் ஹுல்லபாலூ, தண்ணீர் விழுந்ததும் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவதால். எவர்சில்வர் குடம் ஹிகில்டி பிகில்டி, ஓரிடத்தில் ஒடுங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதால். நீலப் பிளாஸ்டிக் குடம் லாலிகாக், நிறையவே நிறையாது, சோம்பேறி, எங்கேயோ மயிரிழையாய் ஒரு கீறல். பேர் வைத்தது நானும் என் பொண்ணு தன்ஷிகாவும். வார்த்தை மண்டையில் நிற்க வேண்டுமென்றால் அதற்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, வீட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தால் பாய் போடுகிறோமே அது மாதிரி. நான் படித்தது அவிநாசிக்கு அந்தப்பக்கம் ஓர் ஊர்ப்புற ஸ்கூல், இங்கிலீஷ் வாத்தியாரே கணக்கும் எடுப்பார், கணக்கு நடத்துகிற நாளில் சந்தோஷமாக இருப்பார். பத்தாவதில் இங்கிலீஷில் நான் எப்படித் தப்பித்தேன் என்று எனக்கும் தெரியாது பேப்பர் திருத்தினவருக்கும் தெரியாது. அப்புறம் கல்யாணம், திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங், தன்ஷிகா பிறந்ததும் வீட்டுக்கே மூட்டை வாங்கிவந்து பிசிறு வெட்டுவது. மூட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று வரும், பூ வரும், கோடு வரும், மண்டை ஓடு வரும். போன வருஷம் பிள்ளைகளுக்கான ஒரு ஆர்டர் வந்தது பாருங்கள், பனியனுக்கு ஒரு மிருகம், மிருகத்துக்கு ஒரு வார்த்தை, வார்த்தை என்றால் நம் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி நோஞ்சான் இல்லை, நீளமும் குண்டும் முடிச்சுமாக. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், போனில் போட்டுக் கேட்பேன், ஒரு பொம்பளை அதைச் சொல்லிக் காட்டுவாள், நான் திருப்பிச் சொல்வேன், தன்ஷிகா கட்டிலில் குதித்துக்கொண்டே சொல்வாள். நூல் நுனியைக் கத்தரிக்கிற கை அது பாட்டுக்குக் கத்தரிக்கும். நத்தை ஒன்று காலை நீட்டிப் படுத்திருக்கும், லாலிகாக். மத்தியானத்தில் கூரை ஷீட்டு வெந்து, கரண்ட் இல்லாமல், பனியன் குவியலுக்கு நடுவில் நானும் அவளும், வெள்ளைத் துணியெல்லாம் மேகம் மாதிரி, மேகத்துக்குள்ளிருந்து நத்தையும் குரங்கும் ஆந்தையும் எட்டிப் பார்க்கும், நாங்கள் இரண்டு பேரும் அவற்றின் பாஷை பேசிக்கொண்டிருப்போம். அந்த மத்தியானங்களில் நேரம் போகவில்லை, நேரம் மிதந்தது. அச்சு சரிந்துபோன ஒரு பனியனைக் கம்பெனியில் கேட்டு வாங்கி அவளுக்கே போட்டுவிட்டேன், ஆந்தை, கண்ணைத் தட்டு மாதிரி விரித்த ஆந்தை, ஃப்ளாபர்காஸ்டட்.

வேண்டாம், அந்த வார்த்தைப் பக்கம் போக வேண்டாம். ஹுல்லபாலூ நிறைந்துவிட்டது. தூக்கி வைத்து அடுத்தது. தண்ணீர் இப்போது வெளுத்துவிட்டது, பார்த்தீர்களா, நான் பார்க்காதபோது. விரலை நீட்டி நனைக்கிறேன், குளிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறுகிறது. நேற்றைக்குச் சாயங்காலம் தக்காளிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள், "நாளைக்கு நீ வர வேண்டாம்மா. அப்பா வரட்டும்." நான் "ஏஞ் சாமி?" என்றேன். "சும்மா" என்றாள். சும்மா. ஆறு வயசில் சும்மா என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்குள் எவ்வளவு இருக்கும். நான் சிரித்துக்கொண்டே, "சரி, அப்பா வரட்டும், அப்பாவுக்குத்தான் மீசை இருக்குது" என்றேன், அவளும் சிரித்தாள், சோறு சாப்பிட்டோம், தட்டைக் கழுவினேன், தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் அது உள்ளே போய்க் குத்தியது, மீன்முள் மாதிரி, சாப்பிடும்போது தெரியாமல் எச்சில் விழுங்கும்போது தெரிகிற முள். வர வேண்டாம்மா. அம்மா என்று சேர்த்துத்தான் சொன்னாள். நீ வராதே என்று சொல்லவில்லை. வர வேண்டாம்மா என்றால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. மெத்தென்று இருப்பதால்தானே ஆழமாகப் போகிறது. இதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அடியில் ஒன்றுதான் நிற்கிறது, என் பிள்ளைக்கு என்னைப் பார்த்து வெட்கமாக இருக்கிறது. சரி, வெட்கப்படட்டும். எனக்கும்தான் எங்கம்மா கோழியை இடுக்கிக்கொண்டு ஸ்கூல் வாசலுக்கு வந்தபோது வெட்கமாக இருந்தது. அது போய்விடும், அதெல்லாம் போகக்கூடியது. போகாதது வேறொன்று, அதுதான் நான் இப்படி ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு வார்த்தையை ஊற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பது. தண்ணீர் பாட்டில். காலையில் நான் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. மூடியைத் திறந்த அடையாளம்கூட இருக்காது. "ஏங் கண்ணு குடிக்கல?" "தாகம் எடுக்கல." பஸ்ஸை விட்டு இறங்கினதும் செருப்பைக் கழற்றாமல் கக்கூசுக்கு ஓடுவாள், அப்புறம் வந்து சொம்பு சொம்பாகக் குடிப்பாள். போன மாதம் காய்ச்சல். ஒண்ணுக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை என் காது மறக்காது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "பாப்பா தண்ணியே குடிக்கறதில்ல, அடக்கி அடக்கி வெக்கறா, ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. மறுபடி மறுபடி வந்தா கிட்னி வரைக்கும் போயிரும்" என்றார். மாத்திரையில் காய்ச்சல் போயிற்று. பாட்டில் இன்னும் நிறைந்தேதான் வருகிறது. யாராவது ஒருவர் போய் அவள் கிளாஸ் ஷர்மிளா மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வரி. இன்றைக்குச் சனிக்கிழமை, பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்றைக்குச் சொன்னால் உண்டு.

"ஏம் புள்ள மேகலா, குடம் ரொம்பி வழியறது கண்ணுக்குத் தெரியலயா? ஆத்துத் தண்ணிய சாக்கடைக்குக் குடுக்கறயாக்கும்?" பேபியக்கா. அறுபதை நெருங்கியும் பேபி, யார் வைத்தார்களோ, இரும்புக்கடை எடைக்கல் மாதிரி நிற்கிற உடம்பு. "ரோசனைங்க்கா" என்கிறேன். "ரோசனைய வீட்ல போயிப் பண்ணு, கொளாயடில தண்ணியப் புடி." சிரித்துக்கொண்டே குடத்தை மாற்றுகிறேன். லாலிகாக் வந்து உட்காருகிறது, இனி இதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். வழிந்த தண்ணீர் சிமென்டில் ஒரு தேசம் மாதிரி பரவி, ஓரத்தில் தலை நீட்டி, யோசித்து, பள்ளம் பார்த்து ஓடுகிறது. அந்த ஆந்தை வார்த்தை வந்தே தீரும் போலிருக்கிறது. வரட்டும். போன தடவை மீட்டிங். ரோஸ் கலர் சேலை, புது வளையல். ஹால் முழுக்க அம்மாக்கள், ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றுகிற அம்மாக்கள், ஷர்மிளா மிஸ் மேஜைக்கு முன்னால் நான், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தன்ஷிகா. மிஸ் ஒரு தாளைக் காட்டினார், இவள் வரைந்த மழை. நன்றாக வரைகிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார், அது புரிந்தது. அடேயப்பா, மழை நிஜமாகவே பெய்தது அந்தத் தாளில், எனக்கு வாயடைத்துப் போயிற்று, அந்த வாயடைப்புக்கென்றே என்னிடம் ஒரு வார்த்தை இருந்ததே, மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்ததே, "ஐ ஆம் ஃப்ளாபர்காஸ்டட், மிஸ்" என்றேன். கணீரென்று. ஓர் எழுத்துத் தப்பில்லை. இடமும் சரி, பொருளும் சரி. மிஸ் ஒரு கணம் அந்த ஆந்தை மாதிரியே முழித்தார். அப்புறம் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அது வேறு, கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் திருப்பி ஏதாவது கொடுத்திருப்பேன். பக்கத்து மேஜை மிஸ்ஸைக் கூப்பிட்டு, இங்கே வா, இதைக் கேள் என்றார். என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். சாவி சுற்றுகிற அம்மாக்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்கிற முகம் எனக்கு வராது. முந்தானை இழுபட்டது. அப்புறம் மிஸ் ஒன்று கேட்டார், லேசான கேள்விதான், சின்னச் சின்ன வார்த்தைகள், லஞ்ச், வாட், டெய்லி. மத்தியானத்துக்கு என்ன சாப்பிடக் கொடுத்து அனுப்புகிறீர்கள். எனக்குத் தக்காளி தெரியும் ரைஸ் தெரியும், ஆனால் நான் கொடுத்து அனுப்புகிறேன் என்பதற்கு எதை முன்னால் வைத்து எதைப் பின்னால் வைப்பது, வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை, கலங்கல்கூட வரவில்லை, காற்றுதான் வந்தது. என் இங்கிலீஷ் அப்படிப்பட்டது. பட்டுச்சேலை இருக்கிறது, உள்பாவாடை இல்லை. கல்யாணத்துக்குப் போகிற சேலையை மட்டும் பெட்டி நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு, காலையில் எழுந்து பால் வாங்கப் போக ஒரு நைட்டி இல்லாதவள் மாதிரி.

அந்தத் தடவை போனால் போகிறது, அது வெறும் தக்காளிச் சோறு. இன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்து வாய் திறந்து காற்று வந்தால்? குழாயை இன்னும் கொஞ்சம் திறக்கிறேன், இடப்பக்கமாக, விடர்ஷின்ஸ், கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிராகச் சுற்றுவதற்குப் பேர் அது, தன் வாலைத் தானே துரத்துகிற நாய் போட்ட பனியன். எனக்கு எத்தனை தெரிந்திருக்கிறது பாருங்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் விரல் வைத்து அழுத்தினது மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்குப் பேர் ஃபில்ட்ரம். தன்ஷிகாவுக்கு அது ஒரு நெல்லு படுக்கிற அளவு. அவள் தூங்கும்போது அங்கே வேர்க்கும், நான் சுண்டுவிரலால் துடைப்பேன், ஃபில்ட்ரம் ஃபில்ட்ரம் என்று சொன்னால் தூக்கத்திலேயே சிரிப்பாள். இத்தனை தெரிந்தும், என் பிள்ளை உங்கள் ஸ்கூலில் ஒண்ணுக்குப் போகப் பயப்படுகிறாள், அது ஏன் என்று கொஞ்சம் பாருங்கள் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. போனில் போட்டுப் பார்த்தேன், ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாள் அந்தப் பொம்பளை, மனப்பாடம் செய்தேன், விடிந்ததும் காணோம். எந்த மிருகமும் போட்டுக்கொள்ளாத வாக்கியம் எப்படி நிற்கும். நான் இப்படிக் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, தண்ணீர் குடத்துக்குள் இறங்கும் சத்தம் மேலே ஏற ஏற மெலிந்துகொண்டே போகிறது, குழந்தை பேச்சை நிறுத்திக்கொண்டே வருவது மாதிரி, கழுத்து வந்ததும் ஒரே ஒரு க்ளுக், அப்புறம் மௌனம். நிறைந்த குடம் பேசாது. அவளுக்குள்ளும் அப்படித்தான் இருக்குமோ, முதல் பீரியடில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெஞ்சு நுனியில், தளும்பாமல், யாராவது மேலே இடித்துவிடுவார்களோ என்று அசையாமல், பஸ்ஸில் மேடு பள்ளம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு. என் உடம்பு தானாகவே முழங்கால்களைச் சேர்த்துக்கொள்கிறது. கக்கூஸ் இருட்டாக இருக்குமோ. தாழ்ப்பாள் இல்லையோ. ஆயா திட்டுகிறாளோ. பல்லி இருக்குமோ. யாராவது ஏதாவது, சீ, அந்தப் பக்கம் போகாதே, அந்தப் பக்கம் மட்டும் போகாதே மனசே. ஆனால் அது ஏற்கெனவே போய்விட்டுத் திரும்பி வந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருக்கிறது. பயத்துக்குக் கால் எவ்வளவு வேகம். எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். "இருட்டா சாமி?" "இல்ல." "ஆராச்சும் வெரட்டறாங்களா?" "இல்ல." "பின்ன என்ன?" "தாகம் எடுக்கல."

"மேகலா." வீட்டுக்காரர் நிலைப்படியில் நிற்கிறார். குழாயடிப் பக்கம் ஒரு காலைக்கூட வைக்கவில்லை. தேய்த்த சட்டை, மழித்த தாடை, காதுக்குக் கீழே கொஞ்சம் சோப்பு. கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர், துணி அடுக்கின்மேல் மிஷினை ஓட்டினால் ஒரு நூல் பிசகாது, மனுசர்களிடம் பேசச் சொன்னால் மட்டும் கை வேர்க்கும். "அங்க போயி நான் என்ன சொல்லோணும்?" என்கிறார். "நேத்தே சொன்னேனில்லங்க மாமா." "அதச் சொன்னே. அத எப்புடிச் சொல்லோணும்னு கேக்கறேன்." குரலை இறக்குகிறார். "பொம்பளப் புள்ள சமாசாரம் புள்ள. அந்த மிஸ்ஸு சின்ன வயசு. நான் போயி அவங்க மூஞ்சிக்கு நேரா ஒண்ணுக்கு ரெண்டுக்குன்னு... வேற எதாச்சும் சொல்லிக்கட்டுமா? ஒடம்பு சரியில்லைன்னு?" எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் போவார், நாற்காலி நுனியில் உட்காருவார், எஸ் மிஸ் என்பார், ஓகே மிஸ் என்பார், கையெழுத்துப் போடுவார், திரும்பி வந்து, "சொல்லிப்போட்டேன், பாத்துக்கறேன்னாங்க" என்பார், அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும், திங்கட்கிழமை பாட்டில் நிறைந்து திரும்பும். "ஒடம்பு சரியில்லைன்னு சொன்னா அவங்க என்னத்தப் பாப்பாங்க? தெளிவாச் சொல்லோணும்ங்க." "எங்க, தெளிவா நீ சொல்லு பாப்போம்" என்கிறார், குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி. நான் வாயைத் திறக்கிறேன். தமிழில்தான். என் சொந்தத் தமிழில், எங்கள் வாசலில். மிஸ், என்ற பொண்ணு, என்று ஆரம்பித்துப் பேபியக்காவைப் பார்க்கிறேன், அவளுக்குப் பின்னால் நிற்கிற மூன்று பேரைப் பார்க்கிறேன், வாய் மூடிக்கொள்கிறது. அடக் கடவுளே. தமிழிலும் வரவில்லை. இத்தனை நாளும் இங்கிலீஷ் இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. நீர்யானை வயிறும் ஆந்தைக் கண்ணும் எடுத்து வெளியே போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற சின்ன வார்த்தையை எந்தப் பாஷையிலும் தொடாமல் பத்திரமாக ஒளித்துவைத்திருந்தேனே. வார்த்தை சின்னதாக ஆக ஆக அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் போகிறது. குடம் க்ளுக் என்கிறது.

அவர் திரும்பி உள்ளே போகிறார், அவருடைய காலிடுக்கில் புகுந்து தன்ஷிகா வெளியே வருகிறாள், யூனிஃபார்ம், ஒரு பக்கம் பின்னி ஒரு பக்கம் பின்னாத தலை, கையில் ரிப்பன். முறையை விடாமல் ஒரு காலால் குடத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவளை மடியோரம் நிறுத்திப் பின்னத் தொடங்குகிறேன். ஈரக் கை பட்டுக் கழுத்தைச் சிலிர்க்கிறாள். பின்னுகிற கைக்கு முகம் தெரியாது, அது ஒரு வசதி, அவளுக்கும் வசதி. "சாமி, அம்மா வந்தா உனக்கு வெக்கமா இருக்குதா?" தலை ஆடுகிறது, இல்லை என்று. "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, அதுக்கா?" "இல்ல." "பின்ன ஏங் கண்ணு அம்மா வேண்டாங்கற?" பாதி பின்னிவிட்டேன், முடியை இழுத்துச் சரி செய்கிறேன், அப்போது என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள், "உன்னையும் மிஸ்ஸு நிக்க வெச்சுருவாங்க." "என்னய எதுக்கு நிக்க வெக்கறாங்க?" "உனக்கு ஃபுல் சென்டென்ஸ் வராதில்ல. ஃபுல்லா சொல்லலன்னா நிக்கோணும். போர்டுகிட்ட." கை நின்றுவிடுகிறது. குழாய் மட்டும் ஓடுகிறது. நான் மெதுவாகக் கேட்கிறேன், சத்தமாகக் கேட்டால் ஓடிவிடும் ஏதோ ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்திருக்கிறது, "நீ நின்னயா சாமி?" "ம்." "எதுக்கு?" "பாத்ரூம் போகோணும்னு சொன்னேன். தமிழ்ல. ஃபுல்லா இங்கிலீஷ்ல கேளுன்னாங்க. எனக்கு அது நடுவுல மறந்துபோயிருது. சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுன்னாங்க." "அப்பறம்?" "பெல் அடிச்சுருச்சு." "அப்ப நீ..." "கொஞ்சம் நனஞ்சுருச்சு. ஆரும் பாக்கல." அப்புறம் ஒரு பெரிய மனுசி குரலில், கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, "அதான் தண்ணியே குடிக்கலன்னா கேக்கவே வேண்டாமில்லம்மா" என்கிறாள். அதற்குமேல் என்ன மிச்சம் இருக்கிறது. பல்லி இல்லை, இருட்டு இல்லை, ஆயா இல்லை. எங்கள் ஊர் ஸ்கூலில் சுண்டுவிரலைத் தூக்கினால் போதும், வாத்தியார் தலையை ஆட்டுவார், வேலிப்பக்கம் ஓடுவோம், அந்த விரலுக்கு எழுவாயும் இல்லை பயனிலையும் இல்லை. என் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். வெட்கம் இல்லை. போர்டுகிட்ட நான் நிற்கக் கூடாது என்று.

பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டுகிறேன். கட்டிவிட்டு எழுந்திருக்கிறேன். முழங்கால் மடக்கென்று சொடுக்குகிறது. "பேபியக்கா, நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்கிறேன். "போ. மொறை போச்சு, கொடத்த எடு" என்கிறாள் பேபியக்கா, கை ஏற்கெனவே குழாய்க்கு வந்துவிட்டது. "மொறை எங்குளுது. எங்க வீட்டுக்காரரு புடிப்பாரு." லைனே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. "ஆரு, பூபதித் தம்பியா? கொளாயடிலயா?" "ஏன், தண்ணி ஆம்பளைங்க தொண்டைல எறங்காதுங்களா?" என்கிறேன். "மாமா!" என்று கூப்பிடுகிறேன், வெல்லம் எதுவும் இல்லாத குரலில். அவர் வந்து, நிலைப்படியிலேயே நின்று, என் முகத்தைப் பார்க்கிறார். என்ன பார்த்தாரோ, தேய்த்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்து குத்தவைத்து உட்காருகிறார். மூன்று பேரும் ஓவென்று கத்துகிறார்கள். "மாஸ்டரு, தண்ணிய நேர்கோட்ல வெட்டிப் புடிச்சுராதீங்க!" அவருடைய காது சிவந்துபோகிறது, ஆனால் குடத்தை ஒழுங்காகத்தான் பிடிக்கிறார். போகிற போக்கில் பேபியக்கா என் கையைப் பிடிக்கிறாள். "என்னடி, இப்புடி ஈரச் சேலையோட? அப்புடி என்ன அவசரம்?" சொல்கிறேன். இவளிடம் சொல்ல வராவிட்டால் அங்கே எப்படி வரும். "பாத்ரூம் போகோணும்னு கேட்டதுக்கு என்ற பொண்ண நிக்க வெச்சிருக்காங்கக்கா. இவ பயந்துட்டுத் தண்ணியே குடிக்கறதில்ல. ஒண்ணுக்கு அடக்கி அடக்கித்தான் அந்தக் காய்ச்சல். அதச் சொல்லப் போறேன்." சொல்லி முடித்துவிட்டேன். நடுவில் எதுவும் மறந்துபோகவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் தன்ஷிகாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். குழாய்க்குக் கீழே குனிந்திருந்த அவர் மட்டும் நிமிரவேயில்லை. பேபியக்கா கையை விட்டுவிட்டு, "இங்கிலீஷ்ல கேப்பாங்களேடி" என்கிறாள். "கேக்கட்டும். நான் தமிழ்ல சொல்லுவேன். அவுங்களும் நம்ம பல்லடத்துக்காரவங்கதான்." 

சந்து வெயிலில் வெள்ளையாக இருக்கிறது. கொசுவத்தின் ஈரம் கணுக்காலில் ஒட்டிப் பிரிந்து ஒட்டுகிறது, நடந்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு, திரும்பிப் பார்த்தால் முதல் சொட்டுகள் அதற்குள் காய்ந்துவிட்டன. எங்கேயோ தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், தறி இல்லை, தையல் மிஷின், நிறைய மிஷின்கள், ஒரே மூச்சாக ஓடி ஒரே நேரத்தில் நிற்கின்றன, அந்த இடைவெளியில் ஒரு காக்கா. நான் நடப்பது எனக்கே தூரத்தில் தெரிகிறது, யாரோ ஒருத்தி ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் நடந்துபோகிற மாதிரி, மெதுவாக, எல்லாச் சத்தமும் மேலே எங்கேயோ. உள்ளங்கைக்குள் அவளுடைய கை, அஞ்சு விரலும் அசைந்துகொண்டேயிருக்கிறது, ஏதோ யோசிக்கிறாள். "அம்மா." "சொல்லு சாமி." "மிஸ்ஸு உன்ன நிக்கச் சொன்னா நிப்பியா?" "நிப்பேன். நின்னுக்கிட்டே சொல்லுவேன்." "அழுவியா?" "தெரீலயே கண்ணு. நின்னு பாத்தாத்தான் தெரியும்." பஸ் ஸ்டாப்புக்குப் போகிற பிள்ளையார் கோயில் திருப்பம் வந்ததும் என் கையை ஒரு தரம் இழுத்து, குனியச் சொல்லி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் காதுக்குள் சொல்கிறாள், "அழுகை வந்துச்சுன்னா போர்டுப் பக்கம் திரும்பி நின்னுக்கோம்மா. எழுதியிருக்கறதப் படிக்கறயாட்ட. ஆருக்கும் தெரியாது."

நான் நடையை எட்டிப் போடுகிறேன்.